செயலி மூடப்படுகிறதா? அடுத்த இடம் தேடும் முன்

உங்கள் போனில் ஒரு அறிவிப்பு வருகிறது. குறிப்பிட்ட தேதியோடு சேவை நிறைவடைகிறது, இதுவரை ஆதரவு தந்ததற்கு நன்றி என்று இரண்டே வரி. ஆனால் அந்தச் செயலிக்குள் உங்களுடைய மூணு நாலு வருஷத்து போட்டோக்கள் இருக்கும். பள்ளிக்கூடத் தோழர்கள் இருப்பார்கள். சிலருக்கு வருமானமே அதற்குள்தான் இருக்கும்.

என் சித்திக்கு அப்படித்தான் ஆனது. திண்டுக்கல் பக்கம் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார், ஆரி ஒர்க்கும் செய்கிறார். ஒரு வீடியோ செயலியில் தன் டிசைன்களைப் போட்டு, பதினோராயிரம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். ஆர்டர் பேசுவதெல்லாம் அந்தச் செயலியின் இன்பாக்ஸிலேயே நடக்கும். மூடப்போகிறோம் என்று வந்த அறிவிப்பை, தினமும் வரும் விளம்பர அறிவிப்புகளோடு சேர்த்துத் தள்ளிவிட்டுவிட்டார். ஒருநாள் திறந்தால் உள்ளே போக முடியவில்லை. அளவு பேசி, துணியும் சித்தியே வாங்கி வைத்துவிட்ட நாலு ஆர்டர் அப்போது கையில் இருந்தது. கேட்டவர்களில் ஒருவருடைய போன் நம்பரும் அவரிடம் இல்லை. "துணி இருக்கு, ஆளைத்தான் காணோம்ப்பா" என்று சொன்னார்.

அதன்பிறகு என்னிடம் அவர் கேட்ட கேள்வி, "சரி, இப்ப எந்த ஆப்புக்குப் போறது?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். ஒரு செயலியின் பெயரைச் சொல்லி "இதற்குப் போங்கள்" என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் பார்க்கலாம்.

பெரியதும் மூடும், நம்ம ஊர்க்காரரும் மூடுவார்

ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? 2004ல் தொடங்கி, இந்தியாவிலும் பிரேசிலிலும் கொடிகட்டிப் பறந்தது. 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. அதை நடத்தியது கூகுள். அதே கூகுள் 2011ல் கூகுள் பிளஸ் என்று இன்னொன்றைத் தொடங்கி, 2019 ஏப்ரலில் அதையும் பொதுமக்களுக்கு மூடியது. நிறுவனம் பெரியது என்பதால் செயலி நிலைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கூகுள் பிளஸ் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் வரை இருக்கும் என்றுதான் 2018 அக்டோபரில் முதலில் அறிவித்தார்கள். டிசம்பரில் 5.25 கோடி பயனாளர்களைப் பாதிக்கக்கூடிய ஒரு குறைபாடு தெரியவந்ததும், மூடும் நாளை ஏப்ரலுக்கு முன்னே இழுத்துவிட்டார்கள். "ஆகஸ்ட்டுக்குள்ள எடுத்துக்கலாம்" என்று இருந்தவர்களுக்கு நாலு மாதம் போயிற்று. அதனால் அறிவிப்பில் எந்தத் தேதி போட்டிருந்தாலும், பார்த்த அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கூ செயலியையும் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். மஞ்சள் குருவி. 2020ல் பெங்களூரில் தொடங்கியது. தமிழ் உள்பட இந்திய மொழிகளிலேயே எழுதலாம் என்பதுதான் அதன் பலம். மத்திய அரசின் அமைச்சகங்கள்கூட அதில் கணக்கு தொடங்கின. உச்சத்தில் தினமும் சுமார் 21 லட்சம் பேர் பயன்படுத்தியதாக நிறுவனர்களே சொன்னார்கள். பெரிய நிறுவனங்களோடு நடந்த இணைப்புப் பேச்சு கைகூடவில்லை, நடத்தும் செலவு தாங்கவில்லை என்று கூறி 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்தார்கள். இலவசச் செயலிக்கும் சர்வர் வாடகை, ஆள் சம்பளம் என்று செலவு உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நாமும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

சில நேரம் அறிவிப்பே வராது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அதன் பின்னணி வேறு. ஆனால் பயனாளர் பக்கத்தில் நடந்தது ஒன்றுதான்: நேற்று இருந்தது, இன்று இல்லை.

புதியதைத் தேடும் முன் பழையதில் செய்ய வேண்டியது

முதலில் ஆட்கள், பிறகுதான் போட்டோ. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து வீடியோக்களை ஒவ்வொன்றாக டவுன்லோடு செய்வார்கள், பேசிப் பழகியவர்களின் நம்பரை வாங்க மறந்துவிடுவார்கள். வீடியோவை மறுபடி எடுக்கலாம். "மதுரை மீனா" என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தேட முடியாது. உண்மையிலேயே தொடர்பில் இருக்க வேண்டிய இருபது முப்பது பேரிடம் தனித்தனியாக மெசேஜ் போட்டு, போன் நம்பரோ மின்னஞ்சலோ வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் கடைசிப் பதிவாக "இனி இங்கே இருப்பேன்" என்றும் போட்டுவிடுங்கள். அப்படிப் பொதுவில் போடும்போது சொந்த போன் நம்பர் வேண்டாம், முக்கியமாகப் பெண்கள். புதிய கணக்கின் பெயரே போதும்.

அடுத்து உங்கள் பதிவுகள். பெரும்பாலான செயலிகளில் செட்டிங்ஸ் உள்ளே, கணக்கு என்ற பகுதியில் 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' என்ற மாதிரி ஒரு வசதி இருக்கும். அதைத் தட்டியவுடன் கோப்பு வந்துவிடாது. கோரிக்கை வைத்தபிறகு தயாராகச் சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம், தயாரானதும் அதை எடுக்கக் கெடுவும் இருக்கும். அதனால் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, பலர் யோசிக்காத ஒன்று. வேறு ஏதாவது இணையதளத்துக்குள் இந்தச் சமூக வலைதளக் கணக்கை வைத்து நுழைகிறீர்களா? கடவுச்சொல் போடாமல் ஒரே தட்டில் உள்ளே போகிற வசதியைச் சொல்கிறேன். தாய்க் கணக்கு மூடினால் அந்தக் கதவும் மூடும். முன்கூட்டியே அங்கெல்லாம் மின்னஞ்சல், போன் நம்பருக்கு மாற்றிவிடுங்கள்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

"எல்லாரும் எங்க போறாங்க?" என்றுதான் பொதுவாகக் கேட்கிறோம். எனக்கு அது சரியான கேள்வியாகப் படவில்லை. டிக்டாக் தடையான சில நாட்களுக்குள்ளேயே மோஜ் வந்தது, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, இன்னும் பலதும் வந்தன. ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கம் போனார்கள். 'எல்லாரும்' என்று ஒரு கூட்டம் எங்கேயும் போகவில்லை. உங்களுக்கு வேண்டிய அந்த இருபது பேர் எங்கே வருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வழி தெரியும். குடும்பத்தோடு பேச மட்டும்தான் என்றால் சமூக வலைதளமே தேவைப்படாது, ஒரு மெசேஜ் குரூப் போதும். வியாபாரம் என்றால் வாடிக்கையாளர் ஏற்கெனவே வைத்திருக்கும் செயலிதான் சரி. அவரைப் புதுசாக ஒன்றை இன்ஸ்டால் செய்ய வைப்பது லேசான காரியமில்லை, சித்தி முயற்சி செய்து பார்த்துவிட்டார்!

அதற்குப் பிறகு நான் பார்க்கச் சொல்வது, வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது என்பதை. கணக்கு தொடங்கும் முன்னாலேயே உதவிப் பக்கத்தைத் திறந்து, கணக்கை நீக்குவது எப்படி, பதிவுகளை எடுத்துப் போவது எப்படி என்று தேடுங்கள். தெளிவாக எழுதியிருந்தால் நல்லது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், நாளைக்கு அது மூடும்போதும் அப்படித்தான் இருக்கும்.

இந்த விஷயத்தில் மாஸ்டடான் என்ற வலைதளத்தின் முறையைத் தெரிந்துகொள்ளலாம். அது ஒரே நிறுவனத்தின் சர்வரில் ஓடுவதில்லை. பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு சர்வர் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றலாம், பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் மட்டும் வராது. அதன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள், மூடுவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தமிழில் பேச அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு கேள்வி. சித்திக்கு நான் அதைச் சொல்லவில்லை.

ஸ்கைப் மூடியதும் ஓரளவு ஒழுங்காக நடந்தது. 2025 பிப்ரவரி இறுதியில் அறிவித்து, மே 5ல் மூடினார்கள். அதே கணக்கோடு டீம்ஸ் செயலிக்குள் நுழைந்தால் பழைய உரையாடல்களும் தொடர்புகளும் அங்கே இருந்தன. புதிய செயலியை நடத்தும் நிறுவனம் இதற்கு முன் எதையாவது மூடியிருந்தால், அப்போது பயனாளர்களை எப்படி நடத்தியது என்று தேடிப் படித்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.

பிறகு அனுமதிகள். உள்ளே நுழைந்ததும் "உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்கும். சரி என்று தட்டினால் உங்கள் போனில் உள்ள எல்லாருடைய நம்பரும் அந்த நிறுவனத்துக்குப் போகலாம். அவர்களில் யாரும் உங்களிடம் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை. வேண்டாம் என்று தட்டுங்கள், செயலி அப்படியும் வேலை செய்யும். இருப்பிடம், மைக் எல்லாம் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைத்தால் போதும். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவர்களை அழையுங்கள்.

போலிகள் வரும் நேரம் இது

ஒரு செயலி மூடினால் மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். டிக்டாக் தடைக்குப் பிறகு 'டிக்டாக் புரோ' என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் ஒரு லிங்க் சுற்றியது. அது தீங்கு செய்யும் போலிச் செயலி என்று மகாராஷ்டிர சைபர் காவல் துறை எச்சரித்தது. "பழைய ஆப் மறுபடி வந்தாச்சு", "உங்க பழைய வீடியோவை மீட்டுத் தர்றோம்" என்று யார் லிங்க் அனுப்பினாலும் தொடாதீர்கள், அனுப்பியவர் சொந்த மாமாவாக இருந்தாலும். ஏபிகே கோப்பாக வருகிற எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். போனில் உள்ள அதிகாரப்பூர்வ ஸ்டோரில் தேடி, வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

புதிய செயலியில் யாராவது உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கினாலோ, படத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ முதலில் அந்தச் செயலியின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யுங்கள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் நிறுவனம் வெளியிட்டிருக்க வேண்டும். அவருடைய முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே முறையிடலாம். புகார் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், மேல்முறையீட்டில் உதவும்.

சித்தி இப்போது இரண்டு செயலிகளில் இருக்கிறார். ஆர்டர் உறுதியானதும் முதல் வேலையாக, பெயரும் நம்பரும் அளவு நோட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். அந்த நாலு பேரில் மூன்று பேர் அவர்களாகவே தேடி வந்துவிட்டார்கள். நாலாவது, மயில் நீலத்தில் கழுத்து முழுக்க ஜர்தோசி கேட்டவர். அந்தத் துணி இன்னும் பீரோவில் இருக்கிறது.