ஊர்த் திருவிழாக்களோடு மழலையர் கற்றல் இலக்குகள்: கடலூர், சிதம்பரம் வட்டார வழிகாட்டி

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்றல் இலக்கு என்பது முடிக்க வேண்டிய பாடம் அன்று. அந்த வயதில் குழந்தை செய்து காட்டக்கூடிய ஒரு செயல். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில், ஊட்டச்சத்தோடு முன்பருவக் கல்வியும் அங்கன்வாடியின் பணிகளில் ஒன்று.

யூத மழலையர் பள்ளிகள் இந்த இலக்குகளைத் தங்கள் பண்டிகை ஆண்டோடு பின்னிவிடுகின்றன. வெள்ளிதோறும் சப்பாத் ஓய்வுநாளை வரவேற்று ரொட்டியைப் பகிர்ந்து உண்பதும், தர்ம உண்டியலில் காசு போடுவதும், சுக்கோத் பண்டிகைக்குத் தழை வேய்ந்த பந்தல் அமைப்பதும் மொழியையும் எண்ணையும் பகிர்தலையும் ஒருங்கே பழக்குகின்றன. கடலூர், சிதம்பரம் வட்டார மையங்களும் இம்முறையைப் பின்வருமாறு கையாளலாம்.

1. துறைகளைப் பிரித்தல்
உடல், மொழி, சிந்தனை, சமூகப் பழக்கம், கலை என ஐந்து துறைகளை வகுத்து, பருவத்துக்குத் துறைக்கு இரண்டு இலக்குகள் மட்டும் வைக்க வேண்டும்.

2. இலக்கைச் செயலாக எழுதுதல்
'எண்களை அறிதல்' என்று எழுதினால் நிறைவேறியதா என்று பார்க்க இயலாது. 'ஐந்து பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுதல்' என்றால் இயலும்.

3. வயதுக்கேற்ற படிகள்
கடலூர் முதுநகர் மீனவர் வீட்டுக் குழந்தைக்கு நெத்திலி, மத்தி, வஞ்சிரம் பழகிய பெயர்கள். மீன் படங்களை மூன்று வயதில் பெரியது, சிறியது எனப் பிரிக்கலாம். நான்கில் ஐந்து வரை எண்ணலாம். ஐந்தில் இரண்டு கூடைகளில் எதில் அதிகம் என்று சொல்லலாம். பண்ருட்டிப் பக்கம் இதற்கே பலாக்கொட்டை உதவும். வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோ போகும் சிறு விதைகளைத் தவிர்க்க வேண்டும்.

4. ஆண்டோடு பொருத்துதல்
- ஆனி: சிதம்பரம் ஆனித் திருமஞ்சனத்தில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அட்டைப்பெட்டித் தேர்களை வரிசையாக இழுத்து எண்ணிக்கை, முதல், கடைசி ஆகியவற்றைப் பழக்கலாம்.
- விஜயதசமி: நெல்லில் விரலால் எழுதுவது எழுத்தின் தொடக்கம். அதற்காக மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்கக் கூடாது; களிமண் பிசைதல், பூக்கோத்தல் விரலை முதலில் பலப்படுத்தும்.
- ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழையின்போது பாட்டிலில் சேரும் நீருக்கு நாள்தோறும் கோடு போட்டு அளவை ஒப்பிடலாம். வெள்ளமும் புயலும் வரும் கடலோரம் என்பதால், தன் பெயர், பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றைச் சொல்லத் தெரிவதும் இப்பருவ இலக்கு.
- மார்கழி, தை: கோலப் புள்ளிகளை இணைத்தல் கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி. பொங்கல் வைக்கும் வரிசையைப் படங்களாக அடுக்கச் சொல்லலாம்.
- மாசி: மாசி மகத்துக்குக் கிள்ளை வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகரை முஸ்லிம்களும் வரவேற்கிறார்கள். பிறரை மதிக்கும் பழக்கத்துக்கு உள்ளூரிலேயே கிடைக்கும் கதை இது.

ரம்ஜானும் கிறிஸ்துமஸும் பட்டியலில் இடம்பெற வேண்டும். வழிபாட்டை வீட்டுக்கு விட்டு, செயலையும் கதையையும் மட்டும் மையத்துக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

5. வாரத்தில் மாறாத ஒன்று
குறிப்பிட்ட ஒரு கிழமையில் ஒரே செயல் திரும்பத் திரும்ப வர வேண்டும்: வெள்ளிக்கிழமை பழம் நறுக்கிப் பகிர்தல் போல. நேற்று, இன்று, நாளை ஆகியவை குழந்தைக்கு இப்படித்தான் பிடிபடுகின்றன.

6. கவனித்துப் பதிதல்
தேர்வு வேண்டாம். விளையாடும்போது கவனித்து, 'தானாகச் செய்கிறது', 'உதவியோடு செய்கிறது', 'இன்னும் இல்லை' என மூன்று குறிகளில் தேதியோடு பதிந்தால் போதும்.

7. பெற்றோரிடம் சொல்லுதல்
மாதக் கூட்டத்தில் ஒரு குழந்தையை இன்னொன்றோடு ஒப்பிடாமல், முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். வீட்டில் செய்ய ஒரு செயலையும் சொல்லி அனுப்பலாம்.

8. திருத்தி அமைத்தல்
பெரும்பாலான குழந்தைகளுக்கு எட்டாத இலக்கைச் சிறு படிகளாக உடைக்க வேண்டும். ஒரு குழந்தை மட்டும் பலமுறை தொடர்ந்து பின்தங்கினால் கேட்டல், பார்வை, பேச்சு ஆகியவற்றைச் சோதிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.