வாய்க்காலும் நீரும்

மலைப்பிரசங்கம் முடிந்தபோது கேட்டவர்கள் வியந்தனர் என்கிறது மத்தேயு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரம். மறைநூல் அறிஞர்களைப் போலன்றி, ஏசுநாதர் தமக்கே உரிய அதிகாரத்துடன் போதித்தார் என்பதே அந்த வியப்பிற்குக் காரணம். அவருக்குப் பின் பிரசங்க மேடை ஏறியவர் எவரும் அப்படிப் பேச முடியாது. அவர்கள் எடுத்துச் சொல்வது இன்னொருவரின் வார்த்தை. எனில், போதகரின் சொல்லுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? பதவியிலிருந்தா, வாழ்விலிருந்தா?

வட ஆப்பிரிக்காவின் புனித அகஸ்டின் (354–430) இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர். 391-இல் அவர் ஹிப்போ நகரில் குருவானார். ஆயர் முன்னிலையில் குருமார் பிரசங்கிப்பது அங்கு வழக்கமில்லை. ஆனால் ஆயர் வலேரியஸ் கிரேக்கர். லத்தீன் மொழியில் சரளமாகப் பேச இயலாதவர். ஆதலால் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு அகஸ்டினைப் பேசப் பணித்தார். ஆயர்கள் சிலர் ஆட்சேபித்தும் அவர் பொருட்படுத்தவில்லை.

அப்போது ஆப்பிரிக்கத் திருச்சபை பிளவுண்டிருந்தது. 303-இல் தொடங்கிய ரோமானிய அடக்குமுறையின்போது குருமார் சிலர் மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டனர். அத்தகையோர் வழங்கும் திருமுழுக்கு செல்லாது என்றனர் டோனாட்டியர். அகஸ்டின் இதை மறுத்தார். கல் வாய்க்கால் வழியே நீர் பாத்திக்குப் பாய்கிறது. கல்லில் எதுவும் விளையாவிட்டாலும் தோட்டம் விளைகிறது என்பது அவர் கையாண்ட உவமை. வழங்குபவரின் தூய்மையைச் சார்ந்தே அருள் வரும் என்றால், பிறரது உள்ளத்தை அறிய முடியாத எளிய விசுவாசியின் கதி என்ன? வாதம் வலிமையானது. 411-இல் கார்த்தேஜ் மாநாட்டில் அரசப் பிரதிநிதியின் தீர்ப்பும் அவர் தரப்புக்கே சாதகமாயிற்று. பின்னர் டோனாட்டியர்மீது அரசு தண்டனைகளை ஏவியதை அகஸ்டின் ஏற்றார் என்பது நெருடலான செய்தி; சொல்லின் அதிகாரத்திற்கு வாளின் துணை எதற்கு?

வாய்க்கால் எப்படியிருந்தாலும் போதும் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 426-ஐ ஒட்டி நிறைவு செய்த 'கிறிஸ்தவப் போதனை' நூலின் நான்காம் பகுதியில் போதகரின் பக்கம் திரும்புகிறார். மிலான் நகரில் சொற்கலை கற்பித்த பேராசிரியரான அவரே, எத்தகைய சொல்வளத்தைக் காட்டிலும் பேசுபவரின் வாழ்வே அதிக எடையுள்ளது என்கிறார். தவறாக வாழ்பவர் உண்மையைச் சொன்னாலும் பலருக்குப் பயன் உண்டு. சொன்னபடி வாழ்ந்தால் இன்னும் பலருக்குப் பயன் விளையும்.

அதே பகுதியில் எதிர்பாராத ஒரு சலுகையும் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தும் சொந்தமாக இயற்ற இயலாதவர், பிறர் எழுதிய நல்ல பிரசங்கத்தை மனப்பாடம் செய்து வழங்கலாம்; அது திருட்டாகாது. இறைவார்த்தை, அதன்படி நடப்பவர்களுக்கே சொந்தம். அழகாகப் பேசி, மாறாக வாழ்பவர்தான் தமக்கு உரிமையில்லாததை எடுத்தவர்.

அகஸ்டினின் வரலாற்றை எழுதிய பொசீடியஸ் அவருடன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பழகியவர். அகஸ்டினின் நூல்களைப் படித்தோர் பயனடைகின்றனர்; ஆலயத்தில் அவர் பேசுவதை நேரில் கண்டு கேட்டோர் அதனினும் அதிகம் பெற்றனர்; மக்களிடையே அவர் வாழ்ந்த விதத்தை அறிந்திருந்தோர் குறிப்பாகப் பெற்றனர் என்பது அவர் கருத்து.