காலிக் கூண்டு ஊர் திரும்பும் பாதை

கேள்வி: பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே எங்கள் பகுதிக் கோழிக்கடைகளில் கூட்டம் குறைந்து, விலையும் இறங்கிவிடுகிறது. எங்கிருந்தோ லாரியில் வரும் கோழியோடு நோயும் சென்னைக்குள் வருகிறதா? பிராய்லரை விட்டுவிட்டு நாட்டுக்கோழிக்கு மாறிவிடுவது நல்லதா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கோழி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைவிட, வேறு பண்ணைக் கோழிகளோடு எங்கே கலக்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முட்டைக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடம் என்று உற்பத்தி சில வட்டாரங்களில் குவிந்திருக்கிறது. கறிக்கோழிப் பண்ணையில் ஒரே வயதுக் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் விட்டு, ஐந்தாறு வாரம் வளர்த்து, மொத்தமாகப் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். பிறகு கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சில நாள் காலியாகப் போடுவார்கள். கிருமிக்கு அந்த இடைவெளி பெரிய தடை. நகரத்துக் கடையில் அப்படி ஓர் இடைவெளி கிடையாது. நேற்றைய கோழி விற்று முடியுமுன் இன்றைய சரக்கு அதே கூண்டில் ஏறுகிறது. மேல் அடுக்கின் எச்சம் கீழ் அடுக்கின் முதுகில் விழுகிறது. கோழியை இறக்கிய வண்டி, எச்சமும் இறகும் ஒட்டிய காலிக் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு பண்ணைக்குக் கிளம்புகிறது. ஊரிலிருந்து நகரத்துக்கு நோய் வருமோ என்று அஞ்சுகிறோம். நகரத்திலிருந்து ஊருக்குப் போகும் வழியும் அதே அளவு திறந்தே கிடக்கிறது.

கடைதான் கிருமி தங்கும் இடம் என்பதற்கு ஹாங்காங்கில் தெளிவான சான்று உண்டு. 1997இல் அங்கே 18 பேருக்குப் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 தொற்றியது. 6 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, நோய் வருவதற்கு முந்தைய வாரத்தில் உயிர்க்கோழிக் கடைகளின் பக்கம் போய்வந்ததுதான் ஆபத்தாகத் தெரிந்தது. கோழிக்கறி தின்றது அல்ல. அந்த ஆண்டு இறுதியில் நகரத்துக் கோழிகள் அனைத்தையும் கொன்றார்கள். ஆனாலும் பின்னர் வைரஸ் மறுபடி தலைகாட்டியது. அதன் பிறகே சந்தையின் நடைமுறையில் கை வைத்தார்கள். 2001 முதல், மாதத்துக்கு ஒரு நாள் எல்லாக் கடைகளையும் காலி செய்து கழுவும் விடுமுறை வந்தது. 2008இல் இரவு முழுக்க உயிர்க்கோழியைக் கடையில் வைத்திருக்கத் தடை வந்தது. கிருமி தங்க இடமில்லாமல் செய்வதுதான் இரண்டுக்கும் நோக்கம்.

நன்றாக வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம், பிறகென்ன பயம் என்று கேட்கலாம். சாப்பிடுபவரைப் பொறுத்தவரை அது சரி. உள்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் இந்த வைரஸ் பிழைக்காது. நோய் பரவியுள்ள வட்டாரத்து முட்டை என்றால் ஆஃபாயிலை மட்டும் தவிர்த்தால் போதும். ஆனால் கோழியைப் பிடித்து, அறுத்து, டிரம்மில் போட்டு, இறகு பிடுங்கும் தொழிலாளிக்கு அடுப்பின் பாதுகாப்பு இல்லை. 1998-99இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் நிபா என்ற வேறொரு வைரஸ் பரவி 105 பேர் இறந்தார்கள். அங்கிருந்து பன்றிகள் போன சிங்கப்பூரில் நோய் தொற்றிய 11 பேருமே இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர் இறந்தார். பண்ணை ஒரு நாட்டில், நோயாளி இன்னொரு நாட்டில். நடுவில் இருந்தது ஒரு சரக்குப் பாதை.

அப்படியானால் கடைகளை மூடிவிடலாமே என்பது அடுத்த வாதம். 2013இல் எச்7என்9 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது ஷாங்காய் போன்ற சீன நகரங்கள் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடின. அங்கே மனிதர்களுக்குத் தொற்றுவது சட்டென்று குறைந்தது. ஆனால் விற்க முடியாத கோழிகள் சந்தை மூடாத ஊர்களுக்குத் திருப்பப்பட்டதால், வைரஸும் கூடவே போனது என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. ஓரிடத்தில் மட்டும் கதவை அடைத்தால் சரக்கு வேறு வாசல் தேடும். அதோடு, பெரம்பூர், வியாசர்பாடிக் கடைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல.

நாட்டுக்கோழியும் விலக்கல்ல. 2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் நோய் தாக்கியது அடைத்து வளர்த்த பிராய்லரை அல்ல. அறுவடை முடிந்த வயல்களில், நாட்டுக்கோழி போலவே திறந்தவெளியில் மேய்ந்த வாத்துகளைத்தான். காட்டுப் பறவையும் வளர்ப்புப் பறவையும் ஒரே நீரில் இறங்கும் இடம் அது. பெரும் பண்ணைக்கு வேறொரு பலவீனம்: கிருமி உள்ளே நுழைவது கடினம், நுழைந்துவிட்டால் ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான இரை. ருசிக்காக நாட்டுக்கோழி வாங்குங்கள். பாதுகாப்புக்காக என்றால் அதில் பெரிய லாபமில்லை.

ஆகவே, கறியை நிறுத்துவதால் தீரும் பிரச்சினை அல்ல இது. கூண்டைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்த பிறகே வண்டி திரும்ப வேண்டும். கடை வாரத்தில் ஒரு இரவாவது காலியாக இருக்க வேண்டும். அறுப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். காக்கையோ கோழியோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டினால் எதுவும் நடக்காது. கூண்டு கழுவும் இடத்தை மாநகராட்சி அமைத்துத் தர வேண்டும். கிலோவுக்குச் சில காசு கூடுதலாகக் கொடுக்க நாமும் தயாராக வேண்டும். வதந்திக்குப் பயந்து கறியை விடுவதைவிட, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கோரிக்கை இதுதான்.