'இல்லை' என்பது எப்போது உறுதி?

மாணவர்களே! ஒரு மூக்குத்தியை விறகுக் கடைத் தராசில் வைத்தால் முள் அசையாது. அதனால் மூக்குத்திக்கு எடையே இல்லை என்று சொல்லலாமா? எச்.ஐ.வி. சோதனையிலும் இத்தகைய நிலை உண்டு.

வைரஸ் உடலில் புகுந்தால், அதை எதிர்க்க ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. சாதாரணச் சோதனை காண்பது இவற்றைத்தான். இவை போதிய அளவு சேர 3 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் சோதித்தால் 'இல்லை' என்று விடை வரக்கூடும். ஆயினும் அந்நாட்களிலும் வைரஸ் பிறருக்குப் பரவும். ஆகவே 3 மாதம் கழித்து மறுபடியும் சோதிப்பது அவசியம்.

தொற்று நேர்ந்திருக்குமோ என ஐயம் எழுந்தால், சோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் மருந்து, தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். முடிவு ரகசியமாக வைக்கப்படும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவை. விவரம் கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

தொற்று உறுதியானால், கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு 2004 முதல் இலவசமாக வழங்குகிறது. நாள்தோறும் தவறாமல் உட்கொண்டால், வைரஸ் சோதனைக்கும் எட்டாத அளவுக்குக் குறையும். அப்போதும் அது அற்றுப்போவதில்லை. மருந்தை நிறுத்தினால் மீண்டும் பெருகும். ஏன் நிறுத்தக் கூடாது என்பது இப்போது புரிகிறதல்லவா?