சங்கரன்கோவில் வெயிலில் குதிரையும் ஈயும்: முழுமையான வழிகாட்டி

கோடையில் குதிரையை ஈயிலிருந்து காக்க வேண்டுமா, அதுவே பார்த்துக்கொள்ளாதா என்று புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் கேட்பதுண்டு. கட்டாயம் காக்க வேண்டும். அவிழ்த்துவிட்ட குதிரை, ஈ மொய்த்தால் ஓடும். காற்றடிக்கும் மேட்டில் போய் நிற்கும். இன்னொரு குதிரையோடு தலைமாடு கால்மாடாக நின்று, ஒன்றின் வாலால் மற்றதன் முகத்தில் ஈ விரட்டிக்கொள்ளும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் பந்தய வண்டிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வளர்க்கும் குதிரை பெரும்பாலும் ஒற்றைக் குதிரை. தகரக் கொட்டகையிலோ வேப்பமரத்தடியிலோ முளையில் கட்டிக் கிடக்கிறது. ஓடுவதற்கு வழியில்லாமல் கட்டிப்போட்டவர் நாம். ஆகவே ஈயை விரட்டும் வேலையும் நம்முடையதுதான்.

எந்த மாதம், எந்த நேரம்

வெயில் ஏற ஏற ஈயும் ஏறும் என்று நினைக்க வேண்டாம். சித்திரை உச்சிவெயிலில் ஈக்களே நிழல் தேடி ஒதுங்கும். அவை ஒதுங்கும் நிழல் உங்கள் கொட்டகை என்பதுதான் சிக்கல். கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த அடுத்த ஒன்றிரண்டு வாரம்தான் மோசமான காலம். ஈரம் பட்ட லத்தியில் வீட்டு ஈயின் முட்டை, வெப்பமான நாட்களில் பத்து நாளுக்குள் பறக்கும் ஈயாகிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று நமக்கு உதவும். அந்தக் காற்றில் சின்னப் பூச்சிகளால் குதிரைமேல் நிற்க முடியாது. ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கிவரும் குதிரை, முதல் சில வாரம் நிம்மதியாக நிற்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் நிலைமை மாறும்.

முதல் படி: எந்த ஈ என்று பாருங்கள்

கண்ணோரத்தில் மொய்ப்பது வீட்டு ஈ. அது கடிக்காது. ஆனால் கண்ணீரையும் புண் நீரையும் உறிஞ்சிக்கொண்டு, ஒரு குதிரையின் கிருமியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில், முன்காலில் தலை மேல்நோக்கி உட்கார்ந்திருப்பது லாய ஈ. இதன் வாயில் ஊசி போன்ற குழல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும். குதிரை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி உதைக்கிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நாள் முழுக்க உதைத்தால் குளம்பு விரியும், லாடம் தளரும், கொள்ளு போட்டும் உடம்பு தேறாது.

வாலடியிலும் தொடையிடுக்கிலும் தட்டையான உடம்போடு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும் ஈ ஒன்று உண்டு. தட்டினாலும் சாகாது, அவ்வளவு கெட்டி. தேனீயைவிடப் பெரிதாக, பளபளக்கும் கண்ணோடு வருவது பெரிய கடி ஈ. இது தோலைக் கிழித்து ரத்தம் குடிப்பதால் கடித்த இடத்தில் சொட்டாக ரத்தம் நிற்கும். அந்தி நேரத்தில் வரும் கடுகளவுக் கொசுப்பூச்சி கண்ணுக்கே தெரியாது; பிடரியும் வாலடியும் தேய்த்துத் தேய்த்து மயிர் கொட்டியிருப்பதை வைத்துத்தான் அது வந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். 1960இல் ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் இந்தியாவுக்குள் வந்து ஏராளமான குதிரைகளைக் கொன்றது. அதைப் பரப்பியது இந்தச் சின்னப் பூச்சி இனம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலை வெளிச்சத்தில் குதிரையின் முன்காலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்காலுக்கு உட்புறம் மயிரைக் கவனியுங்கள். எள்ளைவிடச் சிறியதாக, வெளிர்மஞ்சளாக, ஒரு மயிருக்கு ஒன்றாக ஒட்டியிருந்தால் அவை வயிற்றுப்புழு ஈயின் முட்டைகள். விரலால் தேய்த்தால் உதிராது. குதிரை அந்தக் காலை நக்கும்போது புழு வாய்க்குள் போய், இரைப்பைச் சுவரில் மாதக்கணக்கில் கொக்கி போட்டுக் கிடக்கும். மழுங்கிய கத்தியால் மயிரோட்டத்திலேயே சுரண்டி எடுங்கள். வயிற்றுக்குள் போன புழுவுக்கான மருந்தை டாக்டர் குதிரையின் எடை பார்த்துக் கொடுப்பார்.

இரண்டாம் படி: லத்தியை அள்ளுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம். ஆயிரக்கணக்கில் செலவழித்து மருந்து தெளித்துவிட்டு லத்தியைக் கொட்டகை வாசலிலேயே குவித்து வைப்பவர்கள், ஒரு கையால் விரட்டி மறு கையால் விருந்து வைக்கிறார்கள்.

நடுத்தரக் குதிரை ஒன்று நாளைக்குச் சுமார் 15 கிலோ லத்தி போடும். காலை, மாலை இரு வேளையும் அள்ள வேண்டும். அதைவிட முக்கியம், மூத்திரத்தில் ஊறிய வைக்கோலை அள்ளுவது. லாய ஈ விரும்பி முட்டையிடுவது வெறும் லத்தியில் அல்ல. லத்தியும் மூத்திரமும் கலந்து நொதித்த வைக்கோலில். சுவரோரமும் தொட்டிக்கு அடியிலும் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, புளித்த வாடையோடு வந்தால் அங்கே புழு இருக்கும்.

அள்ளியதை என்ன செய்வது? வெயில் காலத்தில் மொட்டைத் தரையில் இரண்டு விரற்கடை கனத்தில் பரப்பிவிடுங்கள். நம்மூர் வெயிலில் சீக்கிரமே சருகாகிவிடும்; காய்ந்ததில் புழு பிழைக்காது. மழைக்காலத்தில் பரப்பக் கூடாது. கொட்டகையிலிருந்து நன்றாகத் தள்ளி, உயரமாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு ஓரத்தில் மண் அணைத்து மூடுங்கள். குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் சூடேறும், புழு வெந்து சாகும். ஓரங்களில் அந்தச் சூடு இருக்காது. அதனால்தான் வாரம் ஒருமுறை புரட்டிப்போட வேண்டும். மக்கியதை எலுமிச்சைத் தோட்டக்காரர்களும் பூச்செடி போடுபவர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: கட்டும் இடத்தை மாற்றுங்கள்

காற்றோட்டமே பாதி மருந்து. கொட்டகையின் மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் அடைக்காதீர்கள். காற்று நின்ற மாதங்களில் பெரிய மின்விசிறி ஒன்றைக் குதிரையின் உடம்பில் படும்படி வையுங்கள். வயரை அதன் வாய்க்கு எட்டாமல் ஓட்டுங்கள். கொசுவும் அந்தக் கடுகளவுக் கொசுப்பூச்சியும் பலவீனமாகப் பறப்பவை, விசிறிக் காற்றை எதிர்த்து வராது.

கயிற்றின் நீளத்தையும் கவனியுங்கள். முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்துத் தளை போட்டு, தலையையும் குட்டையாகக் கட்டிவிட்டால் வயிற்றில் உட்கார்ந்த ஈயை அது என்ன செய்யும்? தலை தன் விலாவைத் தொடுகிற அளவுக்காவது கயிறு இருக்கட்டும்.

சாயங்காலம் வேப்பந்தழை போட்டு மூட்டம் போடுவது மாட்டுக்கு நாம் காலங்காலமாகச் செய்வது. குதிரைக்குக் கொட்டகைக்குள் மூட்டம் போட வேண்டாம். அதன் நுரையீரல் புகையைத் தாங்காது. ஓட்டக் குதிரைக்கு மூச்சுத்தான் எல்லாம். போட்டே தீர வேண்டுமென்றால் வெளியே, காற்று வரும் திசையில், தூரத்தில், கொஞ்ச நேரம்.

நான்காம் படி: வாலை விடுங்கள், முகத்தை மூடுங்கள்

அழகுக்காக வாலைக் குட்டையாக வெட்டுவது குதிரைக்குச் செய்யும் அநியாயம். நெற்றியில் தொங்கும் மயிரும் கண்ணைக் காக்கும் திரை. வண்டி பூட்டும்போது வாலை முடிந்திருந்தால், நின்றதும் அவிழ்த்துவிடுங்கள்.

முகத்துக்கு வலைத்துணித் திரை நல்லது. கண்ணிமையில் படாமல் குவிந்து நிற்க வேண்டும், இரவில் கழற்ற வேண்டும், தினமும் துவைக்க வேண்டும். உடம்பு முழுவதையும் மூடும் போர்வை குளிர்நாட்டுக் கோடைக்குச் சரி. வேர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது குதிரை. நம்மூர் பகலில் அதைப் போர்த்தினால் ஈயைவிடச் சூடு அதிகம் படுத்தும். 2019இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வில், வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட துணியைக் குதிரைகளுக்குப் போர்த்திப் பார்த்தார்கள். வெற்று நிறத் துணியைவிட அதில் பெரிய கடி ஈ மிகக் குறைவாகவே இறங்கியது. நம் ஊரில் மெல்லிய வலைத்துணியில் யாராவது தைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: மருந்து, அளந்து

குதிரைக்கென்று தயாரித்த, பெர்மெத்ரின் கலந்த தெளிப்பானை டாக்டர் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள். முகத்தில் அடிக்காமல், துணியில் நனைத்துத் துடையுங்கள். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசலாம். முதல் நாள் கழுத்தில் ஓரிடத்தில் மட்டும் தடவி, தடிப்பு வருகிறதா என்று பாருங்கள். எண்ணெய் பூசிய உடம்போடு வெயிலில் நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்து வீட்டில் மிச்சம் இருக்கும். அதைக் குதிரைக்கு அடிக்கக் கூடாது. குதிரையின் குடல் அசைவையே நிறுத்தி, வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் கொட்டகைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஆறாம் படி: புண்ணைத் திறந்து விடாதீர்கள்

ஈ உட்கார்ந்த புண் கோடையில் ஆறாது. சேணம் உரசிய இடம், வாயோரம், கண்ணின் உள்மூலை ஆகியவற்றில் ஈ கொண்டுவரும் புழுக்குஞ்சு நுழைந்தால், மணல்மணலான மஞ்சள் பொடியோடு சதை வளர்ந்துகொண்டே போகும். உப்புநீரால் கழுவி, டாக்டர் தரும் களிம்பைப் பூசி மூடுங்கள். கண்ணைச் சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு துணி.

சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைத் தோல்நோய்க்குப் பூசுவது நம் நம்பிக்கை. கோமதியம்மன் பிரசாதத்தைக் குதிரையின் நெற்றியில் இடுங்கள், மனதார இடுங்கள். திறந்த புண்ணில் மட்டும் எந்த மண்ணும் வேண்டாம். வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் பலியாவது குதிரை, அந்தக் கிருமி வாழும் இடம் மண். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியைக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்

காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது, தீனி தின்றும் இளைக்கிறது, அடிவயிறும் கால்களும் வீங்குகின்றன, பின்பக்கம் தள்ளாடுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலும் ‘சுர்ரா’வாக இருக்கலாம். பெரிய கடி ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய் இது. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டக ரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். கவனிக்காமல் விட்டால் குதிரை பிழைப்பது அரிது. நேரத்தோடு பார்த்தால் மருந்து உண்டு. காய்ச்சல் இருக்கும் நாளிலேயே ரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது, அப்போதுதான் ஒட்டுண்ணி எளிதாகச் சிக்கும். பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் முடியாவிட்டால், சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையிலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை எழ முடியாமல் படுத்துவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழையுங்கள்.