பற்சீமெந்து இறுகும் விதம்

சீமெந்து என்றவுடன் கட்டட வேலையாளர் நீர் விட்டுக் குழைக்கும் தூளே நம் மனத்தில் தோன்றும். தேய்த்துக் குறைத்த பல்லின்மீது பீங்கானாலோ உலோகத்தாலோ ஆன உறையை ஒட்டுதற்குப் பல் வைத்தியர் கையாளும் பிசின் சீமெந்து அவ்வினத்ததன்று. சிறு மூலக்கூறுகள் இணைந்து நெடுஞ் சங்கிலிகளாகி, அச்சங்கிலிகள் குறுக்கே பிணைந்து வலையாவதே அதன் இறுகல். இதனைப் பல்பகுதியமாக்கல் என்பர். 1962ஆம் ஆண்டில் அமெரிக்கரான போவன் காப்புரிமை பெற்ற மெதக்கிரிலேற்றுப் பிசின் இவ்வினச் சீமெந்துகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று.

இவ்வினையைத் தொடக்கிவைக்கச் சுயாதீன மூலிகங்கள் வேண்டும். அவற்றைப் பெறும் வழிகள் இரண்டு. இரு குழம்புகளைக் கலக்குங்கால், ஒன்றிலுள்ள பென்சோயில் பரவொட்சைட்டை மற்றதிலுள்ள அமைன் சிதைத்து மூலிகங்களைத் தரும். மற்றைய வழி ஒளி. கற்பூரத்தை ஒட்சியேற்றிப் பெறும் கம்பர்க்குவினோன் என்னும் மஞ்சட்பொருள், ஏறத்தாழ 470 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலவொளியை உறிஞ்சி, அமைனின் துணையோடு அவற்றை ஆக்கும். ஆலயத்தில் எரிந்து ஒளி தரும் கற்பூரத்தின் வழித்தோன்றல் ஈண்டு ஒளியை உண்டு தொழில் செய்கிறது! இரு வழியும் ஒருங்கமைந்தனவும் உள. அவற்றை இருவழிச் சீமெந்து எனலாம்.

இனி, இடர் எங்கே தோன்றுகிறது? உலோக உறை ஒளியை அறவே மறிக்கும். பீங்கானோ, தடிப்பு ஏறஏற, நிறம் கருமையுற, உள்ளே விடும் ஒளியைக் குறைத்துக்கொண்டே போகும். விளக்கின் முனை விலகினும் சரியினும் அவ்வாறே. ஒளி எட்டாவிடத்தில் கலவை தானே முற்றும் இறுகிவிடும் என்று நம்பி இருவழிச் சீமெந்தைக் கையாள்வோர் பலர். அந்நம்பிக்கை முழுதும் பொருந்தாது. அவற்றுட் பல, ஒளி பெறாவிடத்துக் குறைவாகவே இறுகுகின்றமை ஆய்வுகளிற் பன்முறை கண்ட உண்மை. விளிம்பைக் கருவியாற் சுரண்டிப் பார்த்துக் கல்லென இருப்பதாக மகிழ்கின்றோம்; நடுவில் அது இளகிக் கிடக்கலாம். யானும் அவ்வாறு ஏமாந்ததுண்டு. கழன்ற உறையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நோயாளர் திரும்பி வந்தபோதே உண்மை விளங்கிற்று.

நன்கு இறுகிய சீமெந்திலும் இரட்டைப் பிணைப்புகள் யாவும் வினைப்படுவதில்லை. பெரும்பாலும் நூற்றுக்கு 50 முதல் 75 வரையே வினைப்படும். வலை இறுகுந்தோறும் மூலக்கூறுகள் அசைய இடமின்றிச் சிறைப்படுதலே இதற்குக் காரணம். சூடு அவ்வசைவைக் கூட்டும். ஆதலின் குளிர்ப்பெட்டியினின்றும் எடுத்தவுடன் குழைத்த சீமெந்து சோம்பியே இறுகும்.

காற்றிலுள்ள ஒட்சிசனும் மூலிகங்களைப் பற்றிக்கொள்ளும். விளிம்பில் மெல்லிய பசைப்படலம் எஞ்சுவது அதனாலேயே. அவ்விடத்தைக் கிளிசரீனால் மூடி மீண்டும் ஒளி காட்டுவர். கராம்பெண்ணெயின் யூசினோல் கலந்த தற்காலிகச் சீமெந்து முன்னர் இடப்பட்டிருப்பின், அதன் எச்சமும் அத்தகைய தடையே. பல்லை நன்கு துப்புரவாக்கல் வேண்டும்.

அமிலத்தின் தீங்கு இன்னும் நுட்பமானது. பல்லிற் பூசும் ஒட்டுபசைகள் சில அமிலத்தன்மை மிக்கவை. அவற்றின்மீது சீமெந்தை இடும்போது, காரத்தன்மையுள்ள அமைனை அவ்வமிலம் செயலிழக்கச் செய்யும். ஒளியின்றி இறுகவேண்டிய பகுதி இறுகாது நிற்கும். இதனாலேயே இக்காலச் சீமெந்துகள் சில, அமைனை விடுத்து வேறு தூண்டிகளை ஏற்றுள்ளன.