காற்றாலையும் கிராமத்து மின்பணியாளரும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பேருந்தில் சென்றவர்கள், சாலையின் இரு புறமும் மூன்று இறக்கைகளுடன் சுழலும் உயரமான காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏன் மூன்று இறக்கைகள்? காற்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? இயந்திரம் பழுதானால் யார் சரி செய்வார்? இந்தக் கேள்விகளை 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பள்ளி ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். அவர் பெயர் பவுல் லா கூர். நாடு டென்மார்க். அவர் கண்ட விடைகளில் பல இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆசிரியர் கண்ட சிக்கல்

பவுல் லா கூர் 1846-இல் பிறந்தவர். முதலில் வானிலை ஆய்வாளராகப் பணி செய்தார். தந்தித் துறையிலும் சில கருவிகளைக் கண்டுபிடித்தார். 1878-இல் அஸ்கோவ் என்ற சிற்றூரில் இருந்த மக்கள் உயர்பள்ளிக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பிக்க வந்து சேர்ந்தார். அந்தப் பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வேளாண் குடும்பத்து இளைஞர்கள்.

அப்போது ஐரோப்பிய நகரங்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. நிலக்கரியை எரித்து நீராவி உண்டாக்கி, அதனால் மின்னாக்கியைச் சுழற்றினார்கள். டென்மார்க்கோ நிலக்கரியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிய நாடு. நகரத்துக்கு வந்த மின்சாரம் கிராமத்துக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நகரத்தில் வெளிச்சமும் வேலையும், கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்கு என்று இருந்தால், இளைஞர்கள் கிராமத்தை விட்டுப் போய்விடுவார்கள் அல்லவா? இதுதான் லா கூரின் கவலை.

டென்மார்க்கில் நிலக்கரி இல்லை. ஆனால் காற்று உண்டு. தானியம் அரைக்கும் காற்றாலைகளும் நெடுங்காலமாக உண்டு. அந்தக் காற்றாலையைக் கொண்டு மின்னாக்கியைச் சுழற்றினால் என்ன? 1891-இல் அரசின் உதவித்தொகையைப் பெற்று, பள்ளியின் அருகிலேயே ஒரு சோதனைக் காற்றாலையை அவர் அமைத்தார்.

காற்றில் எவ்வளவு திறன்?

மேலே செல்லுமுன் ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று வீசும் திசைக்கு நேர் எதிரே 1 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சன்னல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். அப்படியானால் ஒரு வினாடியில் 5 கன மீட்டர் காற்று அந்தச் சன்னல் வழியே செல்லும். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். எனவே வினாடிக்கு 6 கிலோகிராம் காற்று செல்கிறது. இயக்க ஆற்றலுக்கான வாய்பாடு உங்களுக்குத் தெரியும்: நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். 3 × 25 = 75 ஜூல். வினாடிக்கு 75 ஜூல் என்பது 75 வாட்.

இப்போது காற்றின் வேகம் இரட்டிப்பாகி, வினாடிக்கு 10 மீட்டர் ஆகிறது. சன்னல் வழியே செல்லும் காற்று 12 கிலோகிராம். 6 × 100 = 600 வாட். வேகம் 2 மடங்கானது. திறனோ 8 மடங்கானது! திறன் காற்றின் வேகத்தினுடைய மும்மடியைப் பொறுத்து மாறுகிறது என்பது இதிலிருந்து புலனாகும்.

இந்தத் திறன் முழுவதையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும்; அடுத்து வரும் காற்றுக்கு வழி இருக்காது. அதிக அளவாக 59 விழுக்காட்டை எடுக்கலாம் என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் பின்னாளில் கணக்கிட்டுக் காட்டினார். நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

முதல் சிக்கல்: நிலையில்லாத வேகம்

மும்மடி விதி நன்மை தருவது போலவே தொல்லையும் தருகிறது. காற்று சற்றே வலுத்தாலும் திறன் வெகுவாக ஏறிவிடும். மின்னாக்கி விரைந்து சுழன்று மின்னழுத்தம் உயர்ந்து, விளக்குகள் கருகிவிடும். காற்று தளர்ந்தால் விளக்கு மங்கிவிடும்.

இதற்கு லா கூர் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தார். காற்றாலையிலிருந்து மின்னாக்கிக்கு விசையைக் கொண்டு செல்லும் தோல்பட்டையை, எடை கட்டித் தொங்கவிட்ட ஓர் இடைத்தண்டின் வழியே செலுத்தினார். பட்டையின் இறுக்கத்தை அந்த எடை நிர்ணயித்தது. காற்று மிகுந்து இழுவிசை அளவு மீறினால், இடைத்தண்டு அசைந்து கொடுக்கும். பட்டை சற்று வழுக்கும். மின்னாக்கிக்கு ஏறத்தாழ ஒரே அளவான விசைதான் போய்ச் சேரும். விலை மிகுந்த உறுப்பு எதுவும் இதில் இல்லை. ஓர் ஊர்க் கொல்லரே செய்துவிடலாம்.

இரண்டாவது சிக்கல்: சேமிப்பு

காற்று வீசும் நேரமும் நமக்கு விளக்கு வேண்டிய நேரமும் ஒன்றல்ல. எனவே ஆற்றலைச் சேமிக்க வேண்டும். ஈயச் சேமக்கலங்கள் அன்று மிகவும் விலை உயர்ந்தவை. லா கூர் வேறு வழியைத் தேடினார். மின்சாரத்தை நீரினுள் செலுத்தி மின்பகுப்புச் செய்தார். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன், நேர்மின்வாயில் ஆக்சிஜன். பருமனில் இரண்டுக்கு ஒன்று. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே சோதனைதான். ஹைட்ரஜனைக் கலத்தில் சேமித்து, குழாய் வழியே கொண்டு சென்று விளக்கெரித்தார். 1895 முதல் 1902 வரை அஸ்கோவ் பள்ளி இந்த ஹைட்ரஜன் விளக்குகளால் ஒளி பெற்றது.

இதில் அபாயமும் இருந்தது. ஹைட்ரஜனுடன் சிறிது ஆக்சிஜன் கலந்துவிட்டாலும் தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும். அவ்வாறு வெடித்துப் பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு பள்ளியில் சரி. பயிற்சியில்லாதவர்கள் கையாளும் கிராமங்களுக்கு இது ஏற்றதா? ஆகவே கிராமங்களுக்கான மின்நிலையங்களில் அவர் சேமக்கலங்களையே பயன்படுத்தினார்.

சேமக்கலத்தை வைத்தால் புதிதாக ஒரு தொல்லை வரும். காற்று தளரும்போது மின்னாக்கியின் மின்னழுத்தம், சேமக்கலத்தின் மின்னழுத்தத்தைவிடக் குறைந்துவிடும். அப்போது மின்னோட்டம் திரும்பிப் பாயும். மின்னாக்கி மோட்டாராக மாறி, சேமித்ததை வீணாக்கிவிடும். இதைத் தடுக்க லா கூர் மின்காந்தத்தால் இயங்கும் ஒரு தானியங்கிச் சாவியை அமைத்தார். மின்னாக்கியின் அழுத்தம் மிகும்போது சாவி மூடும். குறையும்போது தானே திறந்துகொள்ளும். இரவு பகல் யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. இன்று சூரியத் தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே டயோடு செய்யும் வேலையும் இதுவே.

எத்தனை இறக்கைகள்?

இறக்கைகள் கூடக்கூட அதிகத் திறன் கிடைக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். லா கூர் ஒரு பெரிய குழாயினுள் விசிறியால் காற்றைச் செலுத்தி, சிறு மாதிரி இறக்கைகளை அதில் வைத்துச் சோதித்தார். காற்றாலைக்காகக் காற்றுக்குழாய்ச் சோதனை செய்தவர்களில் அவர் முன்னோடி. விரைவாகச் சுழலும் சில இறக்கைகளே, மெதுவாகச் சுழலும் பல இறக்கைகளைவிட மின்னாக்கிக்கு ஏற்றவை என்று அவர் கண்டார். அவர் பரிந்துரைத்த காற்றாலைக்கு நான்கு இறக்கைகள். கிணற்றில் நீர் இறைக்கும் பல இறக்கைக் காற்றாடியைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு வேகம் வேண்டாம். தொடக்கத்திலேயே வலுவான திருப்புவிசை வேண்டும். வேலைக்குத் தக்கபடி வடிவம் மாறுகிறது.

ஊருக்கு ஒரு மின்நிலையம் ஏன்?

அன்றைய சிறு மின்நிலையங்கள் நேர்மின்னோட்டத்தையே தந்தன. அவற்றின் மின்னழுத்தமும் குறைவு. 110 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பி வழியே 20 ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது. போகவும் வரவும் உள்ள கம்பியின் மின்தடை அரை ஓம். ஓம் விதிப்படி கம்பியில் இழக்கப்படும் அழுத்தம் 20 × 0.5 = 10 வோல்ட். வீட்டுக்கு 100 வோல்ட் வந்து சேரும், விளக்கு எரியும். அதே கம்பியைப் பத்து மடங்கு தொலைவுக்கு நீட்டினால் தடை 5 ஓம். அதே 20 ஆம்பியருக்கு இழப்பு 100 வோல்ட். மிஞ்சுவது வெறும் 10 வோல்ட்! ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி நிலையம் தேவைப்பட்டது. ஒவ்வோர் ஊருக்கும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேவைப்பட்டார்.

மூன்றாவது சிக்கல்: ஆட்கள்

இயந்திரத்தை வாங்கிவிடலாம். அதை எங்கே நிறுத்துவது, எத்தனை சேமக்கலம் வைப்பது, அமிலத்தின் அடர்த்தியை எப்படி அளப்பது, கம்பியின் காப்புறை கிழிந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் யார் சொல்வார்? நகரத்திலிருந்து பொறியாளர் வரும்வரை ஊர் இருட்டில் இருக்க வேண்டியதுதானா?

இந்தச் சிக்கலுக்கு லா கூர் கண்ட விடையே அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது. 1903-இல் டேனிஷ் காற்று மின்சாரச் சங்கம் தொடங்கப்பட்டது. மின்சாரம் வேண்டிய ஊர்களுக்கு இந்தச் சங்கம் ஆலோசனை தந்தது. திட்டம் வகுத்துக் கொடுத்தது. 1904-இல் அஸ்கோவில் கிராமத்து மின்பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்புகள் தொடங்கின. நம் ஊரில் வயர்மேன் என்கிறோமே, அவரைப் போன்றவர்கள். ஆனால் கம்பி இழுப்பதோடு நின்றுவிடாமல் ஓம் விதியையும் மின்காந்தத்தையும் காற்றின் கணக்கையும் கற்றவர்கள். கிராமத்து இளைஞர்கள் பாடமும் படித்து, கைவேலையும் பழகித் தங்கள் பகுதிகளுக்குத் திரும்பினார்கள்.

லா கூர் 1908-இல் மறைந்தார். வேலை நிற்கவில்லை. முதல் உலகப் போரின்போது எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டதும் காற்றாலைகளின் மதிப்பு உயர்ந்தது. 1918-இல் டென்மார்க்கின் ஏறத்தாழ 120 உள்ளூர் மின்நிலையங்களில் காற்றாலைகள் இருந்தன. ஒவ்வொன்றும் பொதுவாக 20 முதல் 35 கிலோவாட் திறனுடையது. பிறகு உயர் அழுத்த மாறுமின்னோட்டம் தொலைதூரம் சென்றது; எரிபொருளும் மலிவானது; சிறு நிலையங்கள் மறையலாயின.

மாணவரின் மூன்று இறக்கைகள்

1904-ஆம் ஆண்டுப் பயிற்சி வகுப்பில் இருந்த மாணவர்களுள் ஒருவர் யோஹன்னஸ் யூல். பல்லாண்டுகள் மின்துறையில் உழைத்த பிறகு, முதிய வயதில் அவர் மீண்டும் காற்றாலையை எடுத்துக்கொண்டார். 1957-இல் கெட்சர் என்ற கடலோர ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். மூன்று இறக்கைகள், மாறுமின்னோட்ட மின்னாக்கி, வேகம் மீறினால் இறக்கை நுனிகள் தாமே திரும்பித் தடை போடும் ஏற்பாடு. பெரிய பழுது ஏதுமின்றி அது 1967 வரை ஓடியது.

1973-இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது, டென்மார்க்கின் தச்சர்களும் கொல்லர்களும் சிறு பட்டறைக்காரர்களும் கெட்சர் காற்றாலையை முன்மாதிரியாகக் கொண்டு புதிய காற்றாலைகளைச் செய்தார்கள். அக்கம்பக்கத்தார் பங்கு போட்டு அவற்றை வாங்கினார்கள். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நிற்கும் மிடல்குருண்டன் காற்றாலைகள் 20, 2000-இல் அமைக்கப்பட்டவை. அவற்றில் பாதி, 8,000-க்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாயின. இன்று டென்மார்க்கின் மின்தேவையில் ஏறத்தாழ பாதியைக் காற்று தருகிறது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டின் உதவியுடன் நம் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளிலும் காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஆரல்வாய்மொழியில் காணும் மூன்று இறக்கைகள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தவை என்பது இப்போது விளங்குகிறதா?

உங்கள் தெருவில்

லா கூர் சந்தித்த மூன்று சிக்கல்களும் சூரிய மின்சாரத்துக்கும் அப்படியே பொருந்தும். வெயில் நிலையானதல்ல, இரவுக்குச் சேமிக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தெருவோரத்தில் எரியாமல் நிற்கும் சூரிய விளக்கைப் பார்த்திருப்பீர்கள். சூரியத் தகடு 25 ஆண்டுகள் உழைக்கக் கூடியது. பெரும்பாலும் முதலில் தளர்வது பேட்டரி. சில நேரம் தகட்டின் மேல் தூசி படிந்திருக்கும்; சில நேரம் இணைப்பில் களிம்பு ஏறியிருக்கும். பத்து நிமிட வேலை தெரிந்த ஒருவர் இல்லாததால், ஆயிரக்கணக்கில் செலவிட்ட விளக்கு வெறும் கம்பமாகிவிடுகிறது. உங்கள் பகுதியில் சூரிய மின்சாரம் அமைத்துத் தரும் சிறு நிறுவனத்தார் யாரேனும் இருந்தால், அவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள்.

செய்து பாருங்கள்

1. காற்றின் வேகம் வினாடிக்கு 5 மீட்டரிலிருந்து 6 மீட்டராக உயர்ந்தால், ஒரு சதுர மீட்டரில் திறன் எத்தனை வாட் கூடும்?

2. ஒரு ஈயச் சேமக்கல அறை 2 வோல்ட் தரும். 110 வோல்ட் பெற எத்தனை அறைகளைத் தொடராக இணைக்க வேண்டும்? நடுவில் ஓர் அறையின் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?

3. 20 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு அரை ஓம் கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் எவ்வளவு? அழுத்தத்தைப் பத்து மடங்காக்கி மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் எவ்வளவு?

4. உங்கள் ஊரில் உள்ள சூரியத் தெருவிளக்குகளை எண்ணுங்கள். எரிபவை எத்தனை, எரியாதவை எத்தனை? எரியாதவற்றுக்குக் காரணம் என்ன என்று தெரிந்தவரிடம் கேட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். கம்பத்தில் ஏறவோ பேட்டரிப் பெட்டியைத் திறக்கவோ வேண்டாம். பட்டியலை ஊராட்சி அலுவலகத்திலோ நகராட்சியிலோ ஆசிரியர் வழியாகக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள்.